எந்த போர்ட் என்று சொல்லும் ஸ்விட்ச்: பழைய கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ், ஒன்றரை வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர், கேமரா, நெட்வொர்க் மூன்றையும் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி தெருவில், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றோடு ஒன்று இணைக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் ஸ்விட்ச் இரண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து மாட்டினேன். 24 கிகாபிட் போர்ட் (கேபிள் செருகும் துளை), ஃபைபர் கேபிளுக்கு 4 எஸ்எஃப்பி இடம், பிஓஇ (கேபிளிலேயே கரண்ட் கொடுக்கும் வசதி) கிடையாது, மாடல் 24டிஎஸ்-எல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஆபீசிலோ ஆலையிலோ பள்ளிக்கூடத்திலோ முப்பது கம்ப்யூட்டருக்கு மேல் இருந்து, மேசைக்கு மேசை குட்டி ஸ்விட்ச் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தால், இப்படி ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து கட்டளை போட முடிகிற ஸ்விட்ச்) நடுவில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால் பாதிப் பலன்கூட வராது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

இதை வாங்க வைத்தது ஒரு சனிக்கிழமை காலை. தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள். பத்து மணி வாக்கில் கார்ட்டன் ஸ்டிக்கர் பிரிண்ட் ஆவது நின்றது, அப்புறம் டேலி திறக்கவில்லை, அப்புறம் கேமரா எல்லாம் கறுப்பு, கடைசியில் வாசலில் விரல் வைக்கும் மெஷின்கூட சர்வரைக் காணோம் என்றது. சர்வர் ரூமுக்கு ஓடினால் அங்கே இருந்த பழைய 24 போர்ட் ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று துடிக்கின்றன. சாதாரண நாளில் ஒவ்வொரு விளக்கும் தன் பாட்டுக்கு மின்னும். எல்லாம் சேர்ந்தாற்போல் துடித்தால் அது லூப், அதாவது எங்கோ கேபிள் வட்டமாகச் சுற்றித் திரும்பி வந்து செருகியிருக்கிறது. கரண்டை நிறுத்திப் போட்டால் சில நொடி சரியாகிறது, பிறகு மறுபடியும் அதே. லூப் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது, ஷெட்டில் எந்த மூலையில் என்பதைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

ஏனென்றால் அந்த ஸ்விட்சுக்கு வாயே கிடையாது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்க வேண்டும், விளக்கு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அடங்கினால் அந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தேட வேண்டும். எங்கள் கேபிளில் அப்போது லேபிளும் இல்லை. கட்டிங்கிலிருந்து தையல், தையலிலிருந்து செக்கிங், செக்கிங்கிலிருந்து அயர்னிங், அங்கிருந்து பேக்கிங் என்று ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக எட்டு போர்ட் ஸ்விட்சுகளை மாலை மாதிரி கோத்திருந்தோம். கடைசியில் பேக்கிங்கில் கிடைத்தது. முந்தின நாள் மேசையை நகர்த்தியிருக்கிறார்கள், ஒரு கேபிள் முனை கீழே தொங்கியிருக்கிறது, காலில் மாட்டி அறுந்துவிடக்கூடாது என்று ஒருவர் அதை எடுத்துப் பக்கத்தில் இருந்த ஸ்விட்சில் செருகிவிட்டார். அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. அவர் மேல் ஒரு துளிக் கோபமும் எனக்கு வரவில்லை, பொருளைப் பத்திரப்படுத்த நினைத்தவர் அவர். காலியாக ஒரு ஓட்டையும் பொருந்துகிற ஒரு கேபிளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யாரோ ஒருவர் என்றைக்காவது செருகத்தான் செய்வார்கள். அதைத் தாங்குகிற மாதிரி நெட்வொர்க்கைக் கட்டுவது என் வேலை.

இவ்வளவு சின்ன விஷயம் ஏன் மொத்தத்தையும் சாய்க்கிறது என்று முதலாளி கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டர் “இந்த ஐபி யாருடையது” என்று கேட்கும்போது அது பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்குமான கேள்வி. ஸ்விட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும். வட்டமாகக் கேபிள் இருந்தால் அந்தக் கேள்வி ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கமாகத் திரும்பி வரும், திரும்பி வந்ததை ஸ்விட்ச் புதுக் கேள்வி என்று நினைத்து மறுபடியும் எல்லா போர்ட்டிலும் அனுப்பும். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஸ்விட்ச் கடத்துகிற ஈதர்நெட் ஃப்ரேமில் (கேபிளில் ஓடும் தகவல் பொட்டலம்) அப்படி ஆயுள் எண்ணே கிடையாது. அதனால் சுற்ற ஆரம்பித்த ஃப்ரேம் யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றும். கிகாபிட் கேபிளில் மிகச் சிறிய, அதாவது 64 பைட் ஃப்ரேம் நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் வரை ஓட முடியும். பத்து இருபது கேள்விகள் மாட்டினாலே கேபிள் நிறைந்துவிடும். இத்தனையையும் வாங்கிப் படிக்க வேண்டிய கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாம் மூச்சு முட்டி நிற்கும், விரல் மெஷினில் இருக்கிற சின்ன சிப் முதலில் விழும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை, வருகிற ஃப்ரேமில் உள்ள மேக் முகவரியை, அதாவது அனுப்பிய கருவியின் தனி எண்ணைப் பார்த்துத்தான் ஸ்விட்ச் கற்றுக்கொள்கிறது. லூப் இருந்தால் உங்கள் சர்வரின் ஃப்ரேமே தப்பான பக்கத்திலிருந்து திரும்பி வரும். சர்வர் 2-ஆம் போர்ட்டில் இருக்கிறது, இல்லை 17-இல், இல்லை 2-இல் என்று ஸ்விட்ச் ஓயாமல் மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிராட்காஸ்ட் இல்லாத சாதாரண வேலைகூட நடக்காமல் போகிறது. இந்த மேக் தாவலைத்தான் பின்னால் நாம் துப்பறியப் பயன்படுத்தப் போகிறோம்.

சரி, ஸ்விட்சுக்கு வருகிறேன். 2960-எக்ஸ் விற்பனையை சிஸ்கோ 2022-இல் நிறுத்திவிட்டது, ஆதரவு 2027 வரைதான். அதனால்தான் பெரிய கம்பெனிகள் கழற்றிப் போட்டவை சந்தைக்கு நிறைய வருகின்றன, நம்மைப் போன்ற சின்ன இடங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன. ரிச்சி தெருவில் கடைக்காரர் கரண்ட் போட்டுக் காட்டுவார், அது போதாது. லேப்டாப்பும், அதை ஸ்விட்சோடு நேராக இணைத்துக் கட்டளை போட உதவும் கன்சோல் கேபிளும் கையோடு கொண்டு போங்கள். கன்சோலுக்கு ஆர்ஜே-45 துளையும் மினி யுஎஸ்பி துளையும் இரண்டுமே இருக்கின்றன, வேகம் 9600. ஷோ வெர்ஷன் போட்டு மாடலும் சீரியல் எண்ணும் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு பொருந்துகிறதா பாருங்கள். ஷோ என்விரான்மென்ட் போட்டால் ஃபேனும் சூடும் தெரியும். 24 போர்ட்டிலும் ஒரு கேபிளைச் செருகி 1000 வேகத்தில் எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், பத்து நிமிட வேலை. நான் பார்த்த மூன்றில் ஒன்றில் இரண்டு போர்ட் 100-க்கு மேல் ஏறவில்லை, அதை விட்டுவிட்டு வேறு எடுத்தேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் காத்திருந்தார், அதற்கு நன்றி.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. பழைய கம்பெனியின் கான்ஃபிகரேஷனை அழிக்கும்போது ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கை மட்டும் அழித்தால் விஎல்ஏஎன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்) பட்டியல் போகாது. அது ஃப்ளாஷில் விஎல்ஏஎன்-டாட்-டேட் என்ற தனி ஃபைலில் இருக்கிறது. அதையும் அழியுங்கள், அந்தப் பட்டியலை சிஸ்கோ ஸ்விட்சுகளுக்குள் பகிரும் விடிபியை டிரான்ஸ்பரன்ட்டில் (மற்றவற்றோடு கலக்காத நிலையில்) போடுங்கள். உங்கள் இடத்தில் ஏற்கெனவே வேறு சிஸ்கோ ஸ்விட்சுகள் ஒரே விடிபி டொமைனில் ஓடிக்கொண்டிருந்து, புதிதாகக் கொண்டுவந்த பழைய ஸ்விட்சில் அதே டொமைன் பெயரும் கூடுதல் ரிவிஷன் எண்ணும் (பட்டியல் எத்தனை முறை மாறியது என்ற எண்) இருந்தால், ட்ரங்க்கில் (ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டில்) மாட்டிய அடுத்த சில நொடிகளில் உங்கள் விஎல்ஏஎன் எல்லாம் காணாமல் போய்விடும். லூப்பைத் தடுக்க வாங்கிய பொருள் வேறொரு வழியில் நெட்வொர்க்கைப் படுக்க வைக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ. 1985-இல் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி உருவாக்கியது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பிபிடியு என்ற சின்னச் செய்தியை 2 நொடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொள்ளும். தங்களில் ஒன்றை ரூட் என்று தேர்ந்தெடுக்கும், ஒவ்வொன்றும் ரூட்டுக்குப் போக மிகக் குறைந்த செலவுள்ள ஒரே வழியை வைத்துக்கொண்டு, வட்டம் உண்டாக்கும் மற்ற வழிகளை மூடிவைக்கும், நல்ல வழி அறுந்தால் மூடியதைத் திறக்கும். மேனேஜ்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் வேண்டுமென்றே இரண்டு கேபிள் போட்டு வைக்கும் தைரியம் இதனால்தான் வருகிறது. நான் அந்த இரண்டு கேட்டலிஸ்டையும் சர்வர் ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இரண்டு ஃபைபரால் இணைத்திருக்கிறேன். ஒரு ஃபைபரை எலி கடித்தபோது யாருக்கும் தெரியவில்லை, காலையில் லாகை, அதாவது ஸ்விட்ச் தானே எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

பழைய ஸ்பேனிங் ட்ரீயில் ஒரு போர்ட் திறக்க 30 நொடி ஆகும், கேட்டல் 15, கற்றல் 15. சில சமயம் 50 நொடி. 2001-இல் வந்த ரேப்பிட் வகையில், ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் உள்ள இணைப்பில் இது பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். என் கைக்கு வந்த ஸ்விட்சில் பழைய வகைதான் ஓடிக்கொண்டிருந்தது. ரேப்பிட்-பிவிஎஸ்டிக்கு (சிஸ்கோவின் ரேப்பிட் வகை) மாற்றுவது ஒரே வரி, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது வேலை, ரூட் யார் என்பதை நீங்களே முடிவு செய்வது. எல்லா ஸ்விட்சும் 32768 என்ற ஒரே முன்னுரிமையோடுதான் வருகின்றன. எண் சமமானால் மேக் முகவரி சிறியதாக இருப்பது ரூட் ஆகும். ஒரே கம்பெனி ஸ்விட்சுகளில் மேக் முகவரி சிறியது என்றால் பெரும்பாலும் அது வயதானது. எங்களிடம் ஷோ ஸ்பேனிங்-ட்ரீ போட்டுப் பார்த்தபோது தையல் பிரிவில் தூசிக்குள் கிடந்த மிகப் பழைய ஸ்விட்ச் ஒன்று மொத்த நெட்வொர்க்குக்கும் ரூட்டாக உட்கார்ந்திருந்தது. அந்த லைனில் கரண்ட் போகும்போதெல்லாம் எல்லோருக்கும் நெட் ஒரு குலுக்குக் குலுக்குவதற்கு அதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சர்வர் ரூம் ஸ்விட்சுக்கு 4096, ஷெட் ஸ்விட்சுக்கு 8192 என்று வைத்தேன். அந்தக் குலுக்கல் அன்றோடு நின்றது.

இதெல்லாம் ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் உள்ள கதை. நம் இடங்களில் உண்மையில் நடக்கும் லூப் மேசைக்கு அடியில் நடக்கிறது. ஸ்பேனிங் ட்ரீ தெரியாத எட்டு போர்ட் ஸ்விட்ச், இல்லையென்றால் ஐபி ஃபோன். ஃபோனின் பின்னால் இரண்டு துளை இருக்கும், ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போன பிறகு யாராவது இரண்டு கேபிளையும் சுவரிலேயே செருகினால் முடிந்தது. இதை இந்த ஸ்விட்ச் எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நானே வேண்டுமென்று லூப் போட்டுப் பார்த்தேன். இந்த விமர்சனத்தில் உங்களுக்கு உதவப் போவது இந்தப் பகுதிதான்.

முதலில் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் கேட்டலிஸ்டின் 10, 11 போர்ட்டுகளில் செருகினேன். தன் பிபிடியு தனக்கே வருவதைப் பார்த்து ஒரு போர்ட்டை மூடிவிட்டது. விளக்கு ஆரஞ்சு நிறமானது, பிங் (பதில் வருகிறதா என்று அனுப்பும் சோதனைச் செய்தி) ஒன்றுகூடத் தவறவில்லை.

அடுத்து, ஒரு எட்டு போர்ட் ஸ்விட்சை 17-இல் மாட்டி அதற்குள்ளேயே ஒரு கேபிளை வளைத்துச் செருகினேன், அந்தச் சனிக்கிழமை நடந்த அதே கோலம். இதற்கு முன்பே எல்லா மேசை போர்ட்டுகளிலும் போர்ட்ஃபாஸ்ட்டும் (போர்ட்டைக் காத்திருக்காமல் திறப்பது) பிபிடியு கார்டும் போட்டிருந்தேன். பிபிடியு கார்டு சொல்வது இதுதான்: இந்த போர்ட்டில் கம்ப்யூட்டரோ பிரிண்டரோதான் இருக்க வேண்டும், இங்கிருந்து ஒரு பிபிடியு வந்தால் ஏதோ தப்பு, உடனே இழுத்து மூடு. கேட்டலிஸ்ட் அனுப்பிய பிபிடியு குட்டி ஸ்விட்சின் வளையத்தில் சுற்றித் திரும்பி வந்தது, 17 எர்ர்-டிசேபிள் ஆனது, அதாவது மூடிக்கொண்டது, லாகில் போர்ட் எண்ணோடு ஒரு வரி விழுந்தது. இமைக்கும் நேரம்தான். மூன்று மணி நேரம் தேடியது அந்த ஒரு வரியைத்தான் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மூன்றாவதாக இன்னொரு கம்பெனியின் எட்டு போர்ட் ஸ்விட்ச். அதே மாதிரி வளைத்தேன், ஆனால் பிபிடியு கார்டு அசையவில்லை. பிபிடியு போகும் முகவரி சாதாரண பிராட்காஸ்ட் அல்ல, அதற்கென்று ஒதுக்கிய ஒரு மல்டிகாஸ்ட் முகவரி. மேனேஜ் செய்ய முடியாத ஸ்விட்சுகளில் சில அதை அப்படியே கடத்திவிடும், சில விழுங்கிவிடும். இது விழுங்குகிற ஜாதி. பிபிடியு திரும்பி வராததால் கேட்டலிஸ்டின் கண்ணுக்கு அங்கே லூப்பே இல்லை, ஆனால் பிராட்காஸ்ட் மட்டும் வெள்ளமாக வருகிறது. காப்பாற்றியது ஸ்டார்ம் கன்ட்ரோல். மேசை போர்ட்டுகளில் பிராட்காஸ்ட் அளவு 1 சதவீதம் தாண்டினால் போர்ட்டை மூடு என்று வைத்திருந்தேன், அடுத்த நொடியே மூடியது. இது போக, சிஸ்கோ ஸ்விட்ச் செப்புக் கேபிள் போர்ட்டுகளில் 10 நொடிக்கு ஒருமுறை தனக்குத் தானே ஒரு கீப்அலைவ் அனுப்பிப் பார்க்கும், அது அதே போர்ட்டில் திரும்பி வந்தாலும் லூப்பேக் என்று சொல்லி மூடும். ஆனால் 10 நொடி என்பது லூப்பில் நீண்ட நேரம், அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஆகவே பிபிடியு கார்டு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது, ஸ்டார்ம் கன்ட்ரோலும் சேர்ந்தே இருக்க வேண்டும். இந்த ஸ்விட்சில் எனக்குள்ள பெரிய குறையும் இங்கேதான்: இரண்டுமே பெட்டியிலிருந்து வரும்போது அணைந்தே இருக்கின்றன. நிறையப் பேர் மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி, ஐபி மட்டும் கொடுத்துவிட்டு, லூப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். நாலு வரி எழுதாவிட்டால் மேசைக்கு அடியில் நடப்பது அதற்குப் பாதிதான் தெரியும்.

போர்ட்ஃபாஸ்ட் பற்றி ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது, அது ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிடும் என்று. அணைக்காது. காத்திருக்கும் நேரத்தைத்தான் தவிர்க்கும். அது இல்லாவிட்டால் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டிஎச்சிபியிடம் (ஐபி முகவரியைப் பிரித்துக் கொடுக்கும் சர்வீஸ்) ஐபி கேட்கும், போர்ட் இன்னும் திறந்திருக்காது, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் 169.254 என்று தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். உடனே யாராவது ஸ்பேனிங் ட்ரீயினால்தான் நெட் வரவில்லை என்று அதை மொத்தமாக அணைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஷெட்டில் இருந்த ஒரு ஸ்விட்சில் யாரோ அப்படித்தான் அணைத்து வைத்திருந்தார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள், மேசை போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள், ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் போடாதீர்கள்.

இனி, லூப் வந்தேவிட்டது, எங்கே என்று தேட வேண்டும் என்றால். கன்சோல் கேபிளைக் கையில் வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நெட்வொர்க் வழியாக ஸ்விட்சுக்குள் நுழைய முடியாமல் போகலாம். லாகைப் பாருங்கள். இந்த மேக் முகவரி ஜிஐ1/0/2-க்கும் (2-ஆம் போர்ட்) ஜிஐ1/0/17-க்கும் (17-ஆம் போர்ட்) நடுவில் தாவுகிறது என்று எழுதியிருக்கும். அந்த முகவரி உங்கள் சர்வருடையது என்று தெரிந்து, சர்வர் 2-இல் இருப்பதும் தெரிந்தால், திருடன் 17-இன் பக்கம். லாகில் ஒன்றும் இல்லையென்றால் ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீடெயில் போடுங்கள், டோபாலஜி (ஸ்விட்சுகளின் இணைப்பு அமைப்பு) எத்தனை முறை மாறியது, கடைசியாக எப்போது, எந்த போர்ட்டிலிருந்து அந்தச் செய்தி வந்தது என்று மூன்றையும் சொல்லும். அந்த போர்ட்டில் அடுத்த ஸ்விட்ச் இருந்தால் அதற்குள் போய் அதே கட்டளை, இப்படி ஒவ்வொரு படியாகப் போனால் இடத்துக்கு வந்துவிடலாம். எண்ணிக்கை சில நூறாக இருந்து, நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால் எங்கோ ஒரு கேபிளோ போர்ட்டோ எழுந்து எழுந்து விழுகிறது என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உள்ளே வரும் பிராட்காஸ்ட் எண்ணிக்கையை ஐந்து நொடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். வெள்ளம் எல்லா போர்ட்டிலும் வெளியே போகும், ஆனால் உள்ளே வருவது ஒன்றிரண்டில்தான். தேட வேண்டியது உள்ளே வருகிற போர்ட்டை. விளக்கை மட்டும் பார்த்துத் தேடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே விளக்குத்தான்.

ஸ்பேனிங் ட்ரீக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் தப்பு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் விழுந்தது, சில நாட்கள் மருந்துச் சீட்டும் பரிசோதனை முடிவும் காகிதத்தில் ஓடின. அங்கே தகவல் துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னார், அதனால்தான் இன்றைக்கும் எல்லோரும் அதிலிருந்து கற்றுக்கொள்கிறோம். ஒரு ஆராய்ச்சியாளர் அனுப்பிய பெரிய டேட்டா நெட்வொர்க்கைத் திணறடித்தது. அதற்கு மேல் பிரச்சினை அமைப்பிலேயே இருந்தது. ஸ்பேனிங் ட்ரீயின் வழக்கமான நேரக் கணக்கு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஸ்விட்சுக்கு மேல் போகாது என்று வைத்துப் போட்டது. அங்கே ஸ்கேன் படங்கள் வைத்திருந்த பகுதி நடு ஸ்விட்சிலிருந்து பத்துத் தாவல் (ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததற்கு ஒரு தாவல்) தள்ளிப் போயிருந்தது. வருடக்கணக்கில் தேவைப்பட்ட போதெல்லாம் ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதன் விளைவு.

அதைப் படித்துவிட்டு என் ஷெட்டைப் பார்த்தால் எனக்கே பயம் வந்தது. நாங்கள் மாலை கோத்திருந்தது கிட்டத்தட்ட அதே பழக்கம்தான். இரண்டாவது கேட்டலிஸ்டை ஷெட்டின் நடுவில் வைத்து, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஐந்துக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்தேன். கேபிள் செலவு ஸ்விட்ச் விலைக்குப் பக்கத்தில் வந்தது, முதலாளி யோசித்தார், கண்டெய்னர் நின்ற நாளை நினைவுபடுத்தியதும் சரி என்றார். இப்போது எந்த மேசையிலிருந்தும் சர்வருக்கு மூன்றே ஸ்விட்ச். ஒரு பிரிவில் பிரச்சினை வந்தால் அந்த ஒரு போர்ட் மட்டும் மூடும், அடுத்த பிரிவு வேலையை விடாது.

குட்டி ஸ்விட்சுகளையும் முடிந்த இடத்தில் மாற்றினேன். மேசைக்கு டிபி-லிங்க் எஸ்ஜி108இ போட்டிருக்கிறேன், எட்டு கிகாபிட் போர்ட், தகர உடம்பு, பிரவுசரில் திறந்தால் லூப் பிரிவென்ஷன் என்று ஒரு பெட்டி இருக்கிறது, கேபிள் சோதனையும் இருக்கிறது. ஸ்பேனிங் ட்ரீ அதில் கிடையாது, அதனால் நடுவில் வைப்பதற்கு ஆகாது, மேசை முனைக்கு நல்ல பொருள். பட்ஜெட் இல்லாதவர்கள் இதையாவது வாங்குங்கள், ஒன்றும் தெரியாத ஸ்விட்சோடு ஒப்பிட்டால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

கேட்டலிஸ்டின் மற்ற குறைகள்: ஃபேன் சத்தம் போடும், ஆட்கள் உட்காரும் அறையில் வைக்க முடியாது. ஷெட்டில் பஞ்சுத் தூசி ஃபேனை அடைக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊதிவிடுகிறேன். கேமராவுக்குக் கேபிளிலேயே கரண்ட் வேண்டும் என்றால் இந்த மாடல் உதவாது, பிஓஇ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பழையது என்பதால் வாரன்டி இல்லை, கடைக்காரர் ஒரு மாதம் மாற்றித் தருகிறேன் என்றார், அவ்வளவுதான். புது சாஃப்ட்வேர் இறக்க சிஸ்கோவிடம் சப்போர்ட் ஒப்பந்தம் வேண்டும், ஆகவே இதை இன்டர்நெட்டுக்கு நேராகக் காட்டாதீர்கள், மேனேஜ்மென்ட்டைத் தனி விஎல்ஏஎன்னில் பூட்டி வையுங்கள். கட்டளைகளும் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஆனால் மேலே சொன்ன அளவுக்குத்தான் தேவை, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி எல்லாம் வேண்டாம்.

எர்ர்-டிசேபிள் ஆன போர்ட் தானாகத் திறக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வழக்கமாக அது நீங்கள் போய்த் திறக்கும் வரை மூடியே இருக்கும். ரெக்கவரி போட்டால் 300 நொடிக்கு ஒருமுறை திறந்து பார்க்கும், லூப் இன்னும் இருந்தால் மறுபடி மூடும். நான் ரெக்கவரி போட்டிருக்கிறேன். நைட் ஷிஃப்டில் நான் இருக்க மாட்டேன், கேபிளை அவர்களே பிடுங்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை நடக்கட்டும். மருத்துவமனை மாதிரி இடங்களில் இது வேண்டாம் என்று சொல்வேன், யாராவது போய்ப் பார்த்த பிறகே திறக்கட்டும்.

இந்த ஒன்றரை வருடத்தில் நான்கு லூப் வந்திருக்கிறது. கடைசியாக வந்தது போன மாதம். காலை பதினொன்று இருபதுக்கு மொபைலில் லாக் வந்தது, ஷெட் ஸ்விட்ச், போர்ட் 17, பிபிடியு கார்டு. வேறு எங்கும் ஒரு சலனமும் இல்லை, தையலில் பார்கோடு ஓடிக்கொண்டிருந்தது, ஆபீசில் டேலி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் பேக்கிங் அக்கா ஃபோன் செய்தார்.

“ஏனுங் தம்பி, இங்க மட்டும் நெட்டு வரலீங்களே?”

“அக்கா, ஸ்டிக்கர் மிஷின் மேசைக்குக் கீழ மஞ்சக் கேபிள் ஒண்ணு ரெண்டு முனையும் ஒரே டப்பாவுல இருக்கும் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் புடுங்கிருங்க.”

“ஆமாங் தம்பி, இருக்குது. புடுங்கியாச்சுங்க.”

பதினொன்று இருபத்தைந்துக்கு 17 தானாகத் திறந்தது.